அரைப்பேர்

சேரம்பாடி பஸ் நிறுத்தத்தில்
ஞாயிற்றுக்கிழமை வடை போட்டோம்.
பருப்பு ஊறவைத்து அரைத்தது புஷ்பலீலா,
மழைக்கு ஒதுங்கியவர்கள் எல்லாரும் வாடிக்கை.
பத்தேரி வண்டியின் டிரைவர் ஒன்பது தின்றார்,
இருநூறு கொடுத்தார்,
மீதி கேட்கவில்லை,
எதற்கு வசூல் என்றும் கேட்கவில்லை.

கேட்டவர் மரியதாஸ்தான்.
"நம்ம ஆஸ்பத்திரியில டாக்டர் இருக்குற நாளை
விரல் விட்டு எண்ணலாம்.
நீங்க கடல் தாண்டிக் கொடுக்கப் போறீங்க."

என்னிடம் பதில் இல்லை.
பொருளாளருக்குக் கணக்கு மட்டும்தான் தெரியும்.
வடையில் நான்காயிரத்து நூற்றுப் பத்து.
மொய்தீன்குட்டி கடை, ஆயிரம்,
ரசீது வேண்டாம் என்றார், ஆனாலும் எழுதினேன்.
யானை வந்து கூட்டம் கலைந்த வியாழக்கிழமை, பூஜ்யம்.

ஒரு நாள் கூலிக்கு எங்களிடம் பேர் என்றுதான் பேர்.
அரை நாளுக்கு அரைப்பேர்.
ஆளுக்கு ஓர் அரைப்பேர் தருவதென்று
நாற்பத்தாறு பெண்கள் கையெழுத்திட்டார்கள்.
இரண்டு கைநாட்டு, அதில் ஒன்றில் தேயிலைக் கறை.

அம்மா காலத்தில் எங்கள் வீட்டில் பாதிப் பேருக்குத்தான்
இந்தியா என்று காகிதம் வந்தது.
மீதிப் பாதியின் பேத்தி யோகேஸ்வரி.
பசறைக்கு மேலே, லாரி ஏறாத மூன்றாம் பிரிவில்
இன்னும் இரண்டு பெண்களோடு
லயம் லயமாக ஏறி இறங்குகிறாள்.
சம்பளம் கிடையாது.
பிள்ளைத்தாய்ச்சிகளை நிறுக்க
உருளைக்கிழங்கு மண்டியில் தராசு இரவல் வாங்கியதாக
ஒருநாள் குரல் அனுப்பினாள்.
பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒரு நாய்,
எங்கள் லயத்து நாயைப் போலவே
விட்டு விட்டுக் குரைத்தது.
அந்த நாயால்தான் நான் ஒத்துக்கொண்டேன் என்று தோன்றுகிறது.

பணம் அனுப்பும் படிவம் பேங்கில் முடிவதாக இல்லை.
பொருளாகவே வாங்கினோம்:
ஓர் எடை மெஷின்,
விரல் நுனியில் ரத்தம் பார்க்கும் ஒரு சின்ன மெஷின்.
பத்தேரி மருந்துக்கடை பிஜு
எண்ணூறு ரூபாய் குறைத்துக்கொண்டு சொன்னார்:
"வேலை செய்யுதான்னு பார்த்துட்டு அனுப்புங்க சேச்சி."

பார்த்தோம்.
முதலில் என் விரல். எட்டு புள்ளி ஒன்று.
பன்னிரண்டு இருக்க வேண்டும் என்றது காகிதம்.
மெஷின் கோளாறு என்றேன்.
புஷ்பலீலாவுக்கு ஏழு புள்ளி ஆறு.
கோளாறேதான்.
கொழுந்து நிறுக்குமிடத்தில் நின்றிருந்த
ஒன்பது பெண்களும் விரலை நீட்டினார்கள்,
ஒருத்திகூடப் பத்தைத் தாண்டவில்லை.
பிஜுவைத் திட்டிக்கொண்டே
மரியதாஸைக் கூப்பிட்டோம்.
அவர் விரலில் குத்தினோம்.

பதினான்கு புள்ளி இரண்டு.

மெஷினில் ஒன்றுமில்லை.

அவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு எங்கள் கூடைகளை.
பிறகு போய்விட்டார்.

யோகேஸ்வரியிடம் சொன்னேன், சிரிப்பாகத்தான் சொன்னேன்.
அவள் சிரிக்கவில்லை.
மறுநாள் விடியலில் குரல் வந்தது:
"குளிசை தாராங்களா அங்க? கேட்டு வாங்குங்க அக்கா.
குளிசை போட்ட கையோட தேத்தண்ணி குடிக்க வேணாம்,
இரும்பு உடம்புல ஒட்டாது.
ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிங்க."
இருமினாள். "நாங்களும் இங்க இதைத்தான்
வீடு வீடா சொல்லித் திரியிறோம். யாரு கேக்குறா?"

மெஷின் புதன்கிழமை போய்விட்டது,
கொழும்புக்கு விமானம் ஏறிய ஒரு நர்ஸின் பையில்,
இரண்டு புடவைகளுக்கு நடுவே.

அடுத்த ஞாயிறு வடைச் சட்டிக்கு முன்னால் மரியதாஸ்.
அவர் போட்ட வடை ஒன்றாவது வட்டமாக இல்லை.
நோட்டை இழுத்துப் புதுப் பக்கம் திருப்பி
'இன்னொரு மெஷின், இங்கே' என்று எழுதினார்,
கீழே தன் பெயர்,
எதிரே ஒரு பேர், முழுசாக.

நான் மாத்திரையை விழுங்கி
மணியைப் பார்த்தேன்.
என் கிளாஸ் டீயில்
ஆடை படிந்துகொண்டிருந்தது.
இன்னும் நாற்பது நிமிடம்.